அலமாரியும் ஆண்டவன் சித்தமும்

தோட்டத்துக் கிராணிமார் வீட்டில் 11 ஆண்டுகள் குடியிருந்த நாம், சென்ற தைத் திங்களில் புதுமனை புகுந்தோம். ஊழியர் சேமநிதியில் வீட்டுக்கென எடுக்க விடும் தொகையை எடுத்தும், வங்கியில் 30 ஆண்டுக் கடனுக்குக் கையொப்பமிட்டும், பட்டணத்தோரத்துத் தாமான் ஒன்றில் தொடர்வீடு ஒன்றை வாங்கினோம். இதனை எழுதுவது பெருமை பேசுதற்கன்று. வீடு வாங்குவோர் பலர். அதில் அதிசயம் யாதுமில்லை. ஆனால் வெறுஞ்சுவர்களோடு கைக்கு வந்த அவ்வீட்டைக் கட்டிலும் மேசையும் அலமாரியுமாக நிரப்பிய மூன்று மாத காலத்தில், நம் இல்லத்தில் நாள்தோறும் எழுந்த பேச்சு ஒன்றுண்டு. "ஆண்டவன் காட்டினான்" என்பதே அது. அப்பேச்சைக் கேட்டு முதலில் நாம் சிரித்தோம்; பின்னர் நாமும் அதையே பேசினோம்; முடிவில் பேச நாணினோம். அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

கட்டில் வாங்கவேண்டித் தவணைக் கடைக்குப் புறப்பட்ட மாலையில் பெருமழை பிடித்தது; பாதி வழியில் திரும்பினோம். மறுவாரம் மைத்துனர் சிங்கப்பூருக்கு மாற்றலாகிப் போகையில் தம் கட்டிலை நமக்கே விட்டுச் சென்றார். "அன்னைக்கு மழை சும்மா பெய்யலைங்க" என்றார் நம் துணைவியார். திரைச்சீலைக்குத் துணி எடுக்கப் போனோம். கடையில் எஞ்சியிருந்த துண்டு நான்கு சாளரங்களுக்கும் முழம் பிசகாமல் சரியாயிருந்தது. அதற்கும் அதே உரை. "துணி குறைந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேட்டோம். "அந்த நிறம் நமக்கு வேணாம்னு சாமி நினைச்சிருக்குன்னு சொல்லியிருப்பேங்க" என்று சிறிதும் தயங்காமல் விடை வந்தது. நிறைந்தாலும் அருள், குறைந்தாலும் அருள் என்னும் இவ்வழக்கில் எதிர்வழக்காடுவோன் தோற்பது திண்ணம்.

ஆங்கிலப் பள்ளியில் படித்த நம்மனோர்க்கு இத்தகைய இடத்தில் சிரிப்பு எளிதில் வருகின்றது. அச்சிரிப்பு மலிவானது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பதும், திருமுறை ஏட்டில் கயிறு சாத்தி வந்த பாட்டைத் திருவாக்காகக் கொள்வதும் நம் முன்னோர் வழக்கம். இவற்றை மூடம் என்று தள்ளுகின்ற படித்தவர், 386-ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அகஸ்தீன் என்பார் ஒரு குழந்தையின் குரல் கேட்டுப் பவுலின் நிருபங்களைத் திறந்து, கண்ணில் பட்ட பகுதியையே தமக்கு இட்ட கட்டளையாகக் கொண்டு வாழ்வை மாற்றிக்கொண்ட செய்தியை ஆங்கில நூலில் படிக்கும்போது சிரிப்பதில்லை. ஏடு ஒன்றே, கயிறுதான் வேறு. ஆதலின் இது கீழ்நாட்டாரின் அறியாமை என்று ஒதுக்கத்தக்கதன்று. தன் சிறு வாழ்வைத் தன்னினும் பெரிய ஒன்று கவனித்துக்கொண்டிருக்கின்றது என்று எண்ண விரும்பாத மனிதன் அரியன்.

நிற்க. அலமாரியின் கதைக்கு வருவோம்.

படுக்கை அறையின் ஒரு மூலையில், சாளரத்துக்கும் கதவுக்கும் இடையே நாலடி இரண்டு அங்குலச் சுவர் ஒன்று வீணே கிடந்தது. புதிய அலமாரிகள் எல்லாம் ஒன்று ஐந்தடி, அன்றி மூன்றடி; அவையும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மனையடி சாஸ்திரம் பார்த்து வீடு கட்டுவோர் உளர். நாமோ அலமாரிக்கே அடிக்கணக்குப் பார்த்து அலைந்தோம். ஒரு சனிக்கிழமை, பழைய தட்டுமுட்டுச் சாமான் வாங்கி விற்கும் கடையின் பின்கட்டில், உடைந்த நாற்காலிகளின் பின்னே ஒரு தேக்கு அலமாரி நின்றது. கையில் இருந்த அளவுநாடாவை விரித்தோம். நாலடி ஓர் அங்குலம்! தவுக்கே 450 வெள்ளி சொன்னார்; 380-க்கு இறங்கினார். அம்மரத்தில் அவ்வேலைப்பாட்டில் புதிதாகச் செய்யப் புகுந்தால் அதுபோல் பல மடங்கு ஆகும். வீட்டில் கொண்டுவந்து சுவரோடு சேர்த்து நிறுத்தியபோது, "ஆண்டவன் அளந்தே வைத்திருக்கின்றான்" என்று நம் வாயினின்றே வார்த்தை புறப்பட்டது. துணைவியார் ஒன்றும் சொல்லவில்லை. புன்னகை மட்டும் செய்தார்.

மறுநாள் கீழ் இழுப்பறையைத் துடைக்க வெளியே எடுத்தோம். அடியில் விரித்திருந்த பழைய நாளிதழின் கீழே மடித்த காகிதம் ஒன்று. நம் தோட்டத்து அலுவலகக் கடிதம். தோட்டத்தின் ஒரு பிரிவு விற்கப்பட்டதாகவும், குறித்த எண்ணுள்ள லயத்து வீட்டை மூன்று மாதத்துக்குள் காலி செய்து சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டுமென்றும் மலாய் மொழியில் அறிவிக்கும் கடிதம். கீழே மேலாளரின் கையொப்பம். அதற்கும் கீழே, இடப்பக்க மூலையில், கடிதத்தை அடித்தவரைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள். அவ்விரண்டும் நம் பெயரின் எழுத்துக்களே.

அன்று அத்தகைய கடிதங்கள் 42 அடித்தோம். பெயரும் வீட்டு எண்ணும் மட்டுமே மாறும், மற்றவை மாறா. கணினியில் அது ஒரு முற்பகல் வேலை. அடித்து முடித்துத் தேநீர் அருந்தப் போனதாக நினைவு. வேலை இழந்தோருக்குரிய தொகையையும் நாமே கணக்கிட்டோம்: 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஓராண்டுக்கு 20 நாள் கூலி. காசு பிசகவில்லை. ஆனால் இந்நாட்டுத் தோட்டங்களில் வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் கூரையும் போம். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் வீடு எவ்வளவு நல்லதாயிருக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வீடு தொழிலாளருடையது என்று விதிக்கவில்லை. கடிதத்திலிருந்த பெயர் ஒரு லாரி ஓட்டுநருடையது. அவருடைய தாயார் பால்வெட்டிலும் பின்னர்ச் செம்பனையிலும் உழைத்து ஓய்வு பெற்றவர். நாம் போட்ட கணக்கில் அம்மூதாட்டிக்கு இடமில்லை.

இப்பொழுது வினவுகின்றோம். அவ்வலமாரியை நமக்குக் காட்டியவன் ஆண்டவனாயின், அதனை அவர்கள் வீட்டிலிருந்து வெளியே கிளப்பியவன் யார்? நாலடி ஓரங்குலத்தை அவன் அளந்தது மெய்யாயின், அவர்கள் குடியேறிய அடுக்குமாடியின் படிக்கட்டு அகலத்தையும் அவனே அளந்திருக்க வேண்டும்.

பண்டைக் கிரேக்க நாட்டில் மீலோஸ் தீவினரான தியாகோராஸ் என்பவர் ஒருவர் இருந்தார். கடலில் தப்பியோர் நேர்ந்துகொண்டு மாட்டிய படங்களைச் சாமோத்ராக்கித் தீவுக் கோவிலில் ஒருவர் அவருக்குக் காட்டி, "தெய்வம் மனிதரைக் கவனிப்பதற்கு இத்தனை சான்று இருக்கின்றதே" என்றாராம். "மூழ்கிப் போனவர் படங்கள் எங்கே?" என்னும் கருத்தில் அவர் விடையளித்தாராம். ரோம நாட்டு அறிஞர் சிசரோ இதனைத் தம் நூலில் எழுதி வைத்தார். 1620-இல் பேக்கன் பெயர் சொல்லாமல் இதையே எடுத்தாண்டார். நமக்கு இக்கதையைப் படிக்க இலத்தீன் வேண்டியதில்லை. நம் பூட்டனார் 1943-இல் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த நாளில் காய்ச்சலால் லாரியில் ஏற்றப்படாது தப்பியவர். "மாரியம்மனே காய்ச்சலாக வந்து காத்தாள்" என்று சொல்லிச் சொல்லியே அக்குடும்பம் வளர்ந்தது. அவ்விடத்தில் வேறொருவர் ஏற்றப்பட்டார் என்பதை நம் பாட்டியார் ஒருமுறை மட்டும், அதுவும் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் திரும்பவில்லை. அவருக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. ஆகவே அவர் கதையைச் சொல்லுவார் எவருமில்லை.

"அஃது அவரவர் ஊழ்" என்பார் உளர். இவ்விடை நமக்குப் பிடிப்பதில்லை. நன்மை நமக்கு வந்தால் அருள் என்றும், அதனால் பிறர்க்கு வந்த தீமையை அவர் வினை என்றும் இரண்டு பேரேடுகளில் எழுதுவது எந்தக் கணக்குப் பிள்ளையும் செய்யத் துணியாத மோசடி. வள்ளுவர் அறத்துப்பாலின் இறுதியில் ஊழை வைத்தார் என்று காட்டுவோர், அதற்கப்பால் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமே அவர் வகுத்திருப்பதையும் பார்த்தல் வேண்டும்.

ஆயின் மறுபுறத்து விடையும் நமக்கு நிறைவளிக்கவில்லை. அலுவலகத்து நண்பர் ஒருவர் பகுத்தறிவாளர், நம்மினும் உறுதியானவர். அவரிடம் இதைச் சொன்னபோது, "எல்லாம் தற்செயல். மலிவாய்க் கிடைத்தது, வாங்கினீர்கள், முடிந்தது. இதில் ஆண்டவன் ஏது, அழுகை ஏது?" என்றார். நாம் யோசித்தோம். தற்செயல் என்பாரும் தெய்வச் செயல் என்பாரும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றனர். கடிதத்தை அடித்த விரல் இருவர் கண்ணுக்கும் படுவதில்லை. அந்நிலம் தானாக விலை போகவில்லை. மனிதர் கூடிப் பேசி விற்றனர், மனிதர் வாங்கினர், மனிதர் கையொப்பமிட்டனர், நாம் அடித்தோம். நாம் குடிபுகுந்த தாமானும் ஒரு காலத்தில் பால்மரக் காடாயிருந்ததுதான். அங்கிருந்து எவர் எழுப்பப்பட்டனர் என்று வீடு பார்க்கப் போன அன்று நாம் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வேகமாய் வருகின்றதா என்று கேட்டோம்.

துணைவியாரிடம் கடிதத்தைக் காட்டினோம். நெடுநேரம் கையில் வைத்திருந்தார். அவருக்கு இனிமேல் அப்பேச்சு எழாது என்று நாம் எண்ணியிருந்தோம். "இதையும் சாமிதாங்க காட்டியிருக்கு" என்றார். இம்முறை நமக்குச் சிரிப்பு வரவில்லை. காட்டியது எதற்காக என்று அவர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும் என்று மட்டும் சொன்னார். வடலூரில் 1867-இல் இராமலிங்க அடிகள் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகின்றது. பசித்தவன் முகத்தில் அருளைக் கண்டவர் அவர். தம் வீட்டுக்கு அலமாரி கிடைத்ததில் அருளைக் கண்டவராக அவரை எவரும் எழுதியதில்லை. நம் துணைவியார் அவ்வழியில் நம்மினும் முன்னே நடக்கின்றார் போலும் என்று அப்போது தோன்றிற்று. எனினும் அவர் கூற்றை நாம் முற்றும் ஒப்பினோம் என்று எழுதினால் அது பொய்யாகும். கடிதம் இழுப்பறையில் கிடந்தது, அதில் நாளிதழை விரித்தவர் மறந்து விட்டதனால். அதற்கு மேல் நமக்குத் தெரியாது.

ஞாயிறன்று போனோம். நான்காம் மாடி. மின்தூக்கி பழுது. ஏறி மூச்சு வாங்கி நின்ற நம்மை மூதாட்டியார், "வாங்க கிராணியாரே, வாம்மா" என்று அழைத்து உட்கார வைத்தார். அலமாரி நம் வீட்டில் இருப்பதைச் சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது. 1979-இல் தம் திருமணத்துக்குச் சீனத் தச்சர் ஒருவரைக் கொண்டு கணவர் செய்வித்தது என்றார். இந்தப் படியில் அது திரும்பவில்லை. கடைக்காரர் 60 வெள்ளி கொடுத்து எடுத்துப் போனார். "எவனாச்சும் வாங்கி ஒடைச்சு வெறகாக்கிடுவானோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்க. ஆத்தா உங்க கண்ணுல காட்டியிருக்கா."

நாம் எதிர்பாராதது இது. இழந்தவரும் அதே சொல்லைச் சொன்னார். மூழ்கியவரே படம் மாட்டினால் தியாகோராஸ் என்ன சொல்லியிருப்பாரோ அறியோம்.

அக்கடிதத்தை அடித்தது நாமே என்று சொல்லிவிட்டோம். சொல்லுமுன் இருந்த அச்சம் பெரிது. "தெரியுமே! அங்கருந்து வர்ற கடுதாசியெல்லாம் நீங்க அடிக்கிறதுதானே. சொன்னதைச் செய்யிறீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் அவர். வசை பெற்றிருந்தால் இலேசாயிருந்திருக்கும். சொன்னதைச் செய்கின்றவர் என்னும் அச்சான்றிதழை நாம் இன்னும் எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருக்கின்றோம்.

அலமாரியின் தகுதிக்கும் நாம் கொடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பகுதியாக 300 வெள்ளியை உறையிலிட்டுக் கொண்டு போயிருந்தோம். மறுப்பார் என்று எண்ணினோம். மறுக்கவில்லை. வாங்கி மாரியம்மன் படத்தின் முன்னே வைத்து, "குடுத்திட்டா பாத்தீங்களா, இந்த மாசம் மருந்துக்கு" என்று படத்தை நோக்கிக் கும்பிட்டார். நம் பணத்துக்கும் நன்றி அங்கேயே போயிற்று. ஒரு கணம் நம் உள்ளத்தில் சிறு பொருமல் எழுந்தது என்பதை நேயர்களிடம் மறைப்பதற்கில்லை. மாடி இறங்கும்போது துணைவியார் அதைக் கண்டுகொண்டார்; ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

நாம் படியருகே வந்தபின் மூதாட்டியார் கதவருகே வந்து கூப்பிட்டார். "அம்மா, அடி டிராயரு மழை நாளையில இறுகிக்கும். இழுத்து ஒடைச்சிடாதீங்க. ரெண்டு பக்கமும் சவுக்காரம் தேய்ச்சு வைங்க."

வீடு சேர்ந்ததும் துணைவியார் சவுக்காரக் கட்டியை எடுத்துக்கொண்டு இழுப்பறையின் முன் உட்கார்ந்தார். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது.