விதிக்கு எத்தனையாவது இடம்?

தேனி மாவட்டத்து ஜெயமங்கலத்தில் வயல் வேலைக்குப் போகும் ஒருவருக்குக் குடல்புண் ஓட்டையாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று மேல்வயிற்றில் வலி வெட்டி இழுக்கும். சோடா குடிப்பார், மெடிக்கலில் மாத்திரை வாங்குவார். மறுநாள் வயிறு பலகை போல இறுகிய பிறகுதான் 108க்குப் போன் போகும். பெரியகுளம் ஆஸ்பத்திரி, அங்கிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி. வயிற்றைத் திறந்து கழுவி, குடல்மேல் தொங்கும் கொழுப்பு மடிப்பை இழுத்து ஓட்டையில் வைத்துக் கட்டுவார்கள். கனடாவின் ராஸ்கோ கிரஹாம் 1937இல் விவரித்த முறையை ஒட்டியது இது. ஐந்தாம் நாள் காய்ச்சல் அடிக்கிறது. வயிற்றிலிருந்து வரும் டியூபில் பித்தநீர் பச்சையாக இறங்குகிறது. ஒட்டு விட்டுவிட்டது.

ஆள் போய்விட்டால் வராந்தாவில் ஒரு பெரியவர் சொல்வார்: “அவன் விதி அம்புட்டுத்தேன்.” உள்ளேயிருந்து வரும் டாக்டரும் ஏறக்குறைய அதையே சொல்வார்: “எங்களால முடிஞ்சதச் செஞ்சோம்.” பிழைத்திருந்தால் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்திருப்பார்கள். பிழைத்தால் அம்மன், போனால் விதி. சர்ஜன் இரண்டு கணக்கிலும் வருவதில்லை. வந்தால் சில சமயம் அடிதடியில்தான் வருகிறார். அதைத் தடுக்கத் தமிழ்நாடு 2008இலேயே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

பெரியவர் சொல்வதும் டாக்டர் சொல்வதும் ஒன்றல்ல. பெரியவருக்கு அது துக்கத்தைத் தாங்கும் வழி. அதைப் பிடுங்க யாருக்கும் உரிமையில்லை. டாக்டர் அதையே சொன்னால், விசாரிக்க வேண்டிய ஒன்றை விசாரிக்காமலே மூடுகிறார்.

விதியை நம்பும் நம் மரபே இதற்கு இடம் தரவில்லை. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஒரு செயலுக்கு ஐந்து காரணங்களை அடுக்குகிறது. இடம், செய்பவன், கருவிகள், முயற்சிகள் எல்லாம் வந்த பிறகு ஐந்தாவதாகத்தான் தெய்வம். வள்ளுவரும் ஊழை அறத்துப்பாலின் கடைசி அதிகாரமாக வைத்தார். அதன் வலிமையை ஒப்புக்கொண்டவர், ஆள்வினையுடைமையில் விடாமுயற்சிக்கு முன் அதையே புறங்காட்ட வைக்கிறார். மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என்று நான்கைக் கணக்கில் எடுக்கிறார். அந்த நான்கில் ஊழ் இல்லை. எல்லாம் நியதி என்று சாதித்த ஆசீவகர்கள் மட்டுமே இந்த விசாரணையைத் தேவையற்றது என்றிருக்க முடியும்.

இதே வரிசையை பாஸ்டன் சர்ஜன் எர்னஸ்ட் காட்மன் சிகிச்சைக் கணக்கில் போட்டார். 1911 முதல் 1916 வரை தன் சிறு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய 337 பேரின் கதையைப் பின்தொடர்ந்து, 123 பிழைகளைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். கைத்திறன் போதாதது, கணிப்புத் தவறியது, கவனம் தவறியது, நோயைக் கண்டுபிடிக்காதது, நோயே முற்றியது, நோயாளி சிகிச்சைக்கு மறுத்தது எனத் தனித்தனித் தலைப்புகள். இவை எதிலும் அடங்காத, அன்றைய அறிவுக்குக் கட்டுப்படாத விபரீதங்களுக்கும் ஒரு தலைப்பு வைத்தார். நம்மவர் விதி என்பது அந்தப் பெட்டிக்குள்தான் போகும். அதையும் அவர் பூட்டவில்லை. வருங்காலத்தில் தடுப்பதற்காக ஆராய வேண்டியது என்றே எழுதினார். சக டாக்டர்கள் அவரை ஒதுக்கினார்கள் என்பதில் ஆச்சரியமில்லை.

ஜெயமங்கலத்து ஆளை அந்தத் தலைப்புகளில் வைத்துப் பார்த்தால் பெட்டி சுருங்கிவிடும். டென்மார்க்கில் குடல்புண் ஓட்டைக்கு ஆபரேஷன் செய்துகொண்ட 2,668 பேரை ஆராய்ந்தபோது, ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு தாமதமான ஒவ்வொரு மணி நேரமும் பிழைக்கும் வாய்ப்பை 2.4 சதவீதம் குறைத்தது தெரிந்தது. அப்படியானால் சோடா குடித்த இரவு, ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிய நேரம், “மாமா வந்துதேன் கையெழுத்துப் போடுவாரு” என்று காத்திருந்த நேரம் எல்லாம் கணக்கில் ஏற வேண்டும். டாக்டர் தலையில் மட்டும் கட்டுவதும் பொய்க்கணக்குதான்.

சட்டம் எட்டுவது பாதி தூரம். 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரிகளை வெளியே விட்டது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், பெரும் அலட்சியம் இல்லாமல் டாக்டரைக் குற்றவாளியாக்க முடியாது என்றது. நியாயமான தீர்ப்பு. ஆனாலும் காசு கட்டியவருக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஜி.எச். வராந்தாவில் நிற்பவர் சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். பெரும்பாலும் அவர் கையில் மிஞ்சுவது விதிதான்.

இதற்கு மாற்று தமிழ்நாட்டிலேயே நடைமுறையில் இருக்கிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் கிராமத்துக்கே போய் விசாரிக்கிறார்கள். கலெக்டர் முன்னிலையில் நடக்கும் ஆய்வுக்கு உறவினரையும் அழைக்கிறார்கள். ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, ரத்தம் இருந்ததா, யார் எங்கே அனுப்பினார்கள் என்று கேட்கிறார்கள். 2010–12இல் உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 90ஆக இருந்த தாய் இறப்பு 2018–20இல் 54ஆகக் குறைந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்தக் கேள்விகளும் அவற்றில் சேரும். குடல் ஓட்டையோடு வந்து இறந்தவரின் மனைவியையும் அதே மாதிரி ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து இதையெல்லாம் கேட்டால், அவரிடமும் சொல்வதற்கு நிறைய இருக்கும்.