அப்பா தர விரும்பும் தானம்

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். விபூதி எடுத்தால் நெற்றிக்குப் போவதற்குள் பாதி மடியில் கொட்டிவிடும். தன் காலத்துக்குப் பிறகு மூளையைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் மூளை வங்கிக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார். "அங்கக் குறையோடு அனுப்பினால் அடுத்த பிறவி ஊனமாகும், கபால மோட்சமும் கிட்டாது" என்று பெரியப்பா தடுக்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, ஓசூர்

பதில்: அப்பாவின் பேச்சைக் கேளுங்கள், அம்மா. பெரியப்பாவின் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

வினையைச் சுமந்து செல்வது சூக்கும உடல் என்கிறது சைவம். தூல உடல் எப்படியும் தீக்கோ மண்ணுக்கோதான். உச்சி வழியே உயிர் பிரிவதையே கபால மோட்சம் என்கிறோம். அது உயிர் பிரியும் நேரத்தில் நடப்பது. மருத்துவர்கள் வருவது அதற்குப் பிறகு. சஞ்சயனத்தன்று நாம் பொறுக்குவதும் எலும்பைத்தான். மூளை எந்தச் சாம்பலிலும் மிஞ்சியதில்லை.

விருத்திராசுரனை வெல்ல வஜ்ராயுதம் வேண்டி, ததீசி முனிவரின் எலும்பைக் கேட்டு வந்தார்கள் தேவர்கள். கேட்டு வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பறித்துக்கொள்ளவில்லை, அவர் மனமுவந்து தந்தார். உங்கள் தந்தையோ, யாரும் கேட்காமலே தர முன்வந்திருக்கிறார்.

அந்த வங்கி 1995 முதல் இயங்குகிறது. தலைமுடி மறைக்கும் இடத்தில் கீறி மூளையை எடுப்பார்கள். மண்டையோட்டை மீண்டும் பொருத்தித் தைத்துவிடுவதால் முகம் மாறாது. உடலைத் திரும்பப் பெற்று எல்லாச் சடங்கையும் முறையாகச் செய்யலாம்.

பார்க்கின்சன் நோயில், நடுமூளையில் இருக்கும் கருநிறப் பட்டை வெளிறிப்போகிறது. டோபமைன் சுரக்கும் செல்கள் மடிந்துபோவதே காரணம். அவை ஏன் மடிகின்றன என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை. விபூதி உதிரும் அந்த விரல்களுக்கான விடை அங்கேதான் இருக்கிறது. உயிரோடு இருப்பவரிடமிருந்து அதை எடுத்துப் பார்க்க வழியில்லை.

ஒன்றை மறவாதீர்கள். அவர் எழுதி வைத்தாலும், கடைசியில் குடும்பத்தார் சம்மதித்தால்தான் காரியம் நடக்கும். சில மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். அழுகைக்கு நடுவே வாக்குவாதம் வரக் கூடாது. பெரியப்பாவை இப்போதே அப்பாவின் பக்கத்தில் உட்காரவையுங்கள். தம்பியின் வாயால் கேட்டால் அண்ணன் மனம் இளகும். நோயின் மருத்துவக் குறிப்புகளையும் பத்திரப்படுத்துங்கள். அவை இல்லாவிட்டால் தானத்தின் பயன் குறைந்துவிடும்.

கேள்வி: கண் தானத்தால் இருவருக்குப் பார்வை கிடைக்கிறது. மூளையை வங்கியில் வைப்பதால் யாருக்கும் உடனே பயன் இல்லையே, அதில் புண்ணியம் உண்டா? நோயற்றவன் நானும் தரலாமா?
- வாசகர், கோவை

பதில்: பெறுபவர் முகம் தெரியாத தானம் இது. நன்றி சொல்லக்கூட எதிரே ஆள் இருக்க மாட்டார். பலன் கருதாத தானத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

1901-ல், பிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் நினைவு தடுமாறி வந்து சேர்ந்தார், 51 வயதான அகுஸ்டே டேட்டர் என்ற அம்மையார். 1906-ல் அவர் இறந்த பிறகு, அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த மருத்துவர்தான் அலாய்ஸ் அல்சைமர். அதில் அவர் கண்ட புரதப் படிவுகளைக் குறிவைக்கும் மருந்துகள், நூறாண்டு கடந்து நம் காலத்தில்தான் வந்திருக்கின்றன. அவையும் நோயைச் சற்றுத் தாமதப்படுத்துகின்றன, அவ்வளவே. பனங்கொட்டை ஊன்றுகிறவர் தான் நுங்கு தின்ன ஊன்றுவதில்லை.

நீங்களும் தாராளமாகத் தரலாம். நோயுற்ற மூளையில் என்ன மாறியிருக்கிறது என்று அறிய, அதன் அருகே நோயற்ற மூளையை வைத்துப் பார்த்தாக வேண்டும். அத்தகைய தானமும் வங்கிக்குத் தேவை. இன்றிரவு சாப்பிட உட்காரும்போது உங்கள் விருப்பத்தை மனைவி மக்களிடம் சொல்லிவிடுங்கள். நாளை சம்மதம் என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.