நிலம் அடங்கட்டும் என்று காத்திருக்காதே!

எதற்காகக் காத்திருக்கிறாய்?

நேரம் கூடி வரட்டும் என்றா? கையில் நாலு காசு சேரட்டும் என்றா? மனசு கொஞ்சம் தெளியட்டும் என்றா?

எத்தனை வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய்!

கடை வைத்தாய். மூடினாய். தேர்வு எழுதினாய். இரண்டு மதிப்பெண்ணில் கைவிட்டுப் போயிற்று. அன்றைக்குச் சாத்திய கதவை இன்னும் நீ திறக்கவில்லை. கேட்டால், "பட்டது போதும்" என்கிறாய்.

பட்டவர்களை உனக்குக் காட்டுகிறேன், வா. ஒன்றாம் வகுப்புக்குப் போகலாம். பெஞ்சு கிடையாது. பாயில் உட்கார்.

இடம் நேபாளம். 2015 ஏப்ரல் 25. காலை 11 மணி 56 நிமிடம்.

கோர்க்கா மாவட்டத்தில் பார்பாக் என்ற மலையூரின் அருகே பூமி பிளந்தது. 7.8 அளவு நிலநடுக்கம். ஏறத்தாழ 9,000 உயிர்கள் போயின. லட்சக்கணக்கான வீடுகள் விழுந்தன. 30,000-க்கும் மேற்பட்ட வகுப்பறைகள் இடிந்தும் விரிசல்விட்டும் போயின.

அன்று சனிக்கிழமை. நேபாளத்தில் அதுதான் வார விடுமுறை. பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் மட்டும் உள்ளே இருந்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

இன்னொன்றும் கேள். அங்கே புதுக் கல்வியாண்டு பைசாக் மாதத்தில்தான் பிறக்கும். நிலம் நடுங்கியது பைசாக் 12ஆம் தேதி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை அப்போதுதான் பள்ளியின் படியை மிதித்திருக்கிறது. பையின் புதுவாசனை போகவில்லை. பக்கத்தில் இருப்பவன் பெயர்கூடச் சரியாகத் தெரியாது.

அதற்குள் பள்ளியே இல்லை!

உன் தொடக்கம் கெட்டுவிட்டது என்று புலம்புகிறாயே, இதைவிடவா கெட்டுவிட்டது?

மே மாத நடுவில் பள்ளிகளைத் திறப்பது என்று முடிவு செய்தார்கள். மூங்கில் வெட்டினார்கள். தார்ப்பாய் கொண்டுவந்தார்கள். ஊர் மெல்ல மூச்சுவிடத் தொடங்கியது.

மே 12. மறுபடி அடித்தது!

7.3 அளவு. முதல் அடியில் விரிசலோடு தப்பி நின்ற சுவர்கள் இரண்டாவது அடியில் சரிந்தன. அதிகம் இழந்த மாவட்டங்களில் ஒன்றான சிந்துபால்சோக் மீண்டும் நடுங்கியது. வீட்டுக்குள் படுக்கத் துணிந்தவர்கள் திரும்பவும் வெட்டவெளிக்கு ஓடினார்கள்.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "எனக்கு ராசியே இல்லை" என்றிருப்பாய். ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாய்.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தேதியை மாற்றினார்கள். அவ்வளவுதான்!

மே 31. ஞாயிற்றுக்கிழமை. அங்கே வாரத்தின் முதல் பள்ளி நாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு பள்ளிகள் திறந்தன.

நிலம் அடங்கியபிறகா திறந்தார்கள்? இல்லை! நன்றாகக் கேட்டுக்கொள், இல்லை!

பின்னதிர்வுகள் ஓயவில்லை. அந்த மாதங்களில் 4 அளவுக்கு மேல் மட்டுமே நூற்றுக்கணக்கில் வந்தன. எந்த நிமிடத்தில் தரை ஆடும் என்று யாருக்கும் தெரியாது. ஆடும் நிலத்தின்மேல்தான் அந்தக் குழந்தைகள் நடந்துபோனார்கள்.

நீயோ உன் பயம் முழுதாய் இறங்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாய். அது இறங்காது! உட்கார்ந்திருப்பவனுக்கு எந்தக் காலத்திலும் இறங்காது!

அந்தக் குழந்தைகளுக்குப் பயம் இல்லையா?

ஏன் இல்லை? நிறைய இருந்தது. லாரி போகும் அதிர்வுக்கே அம்மாவின் கையை இறுக்கியவர்கள் அவர்கள். கூரைக்குக் கீழே தூங்கமாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள். பொறியாளர்கள் வந்து சோதித்து, பத்திரம் என்று பச்சை வில்லை ஒட்டிய கட்டடத்துக்குள்ளும் நுழைய மறுத்தவர்கள். அழுதுகொண்டே வந்தவர்கள் உண்டு. அப்பாவின் கையையோ பாட்டியின் சேலையையோ விடாமல் வந்தவர்கள் உண்டு.

பயந்தபடியே வந்தார்கள். வந்தார்கள்!

பயப்படாதே என்று உனக்குச் சொல்லமாட்டேன். பயப்படு. நடுங்கு. நடுங்கிக்கொண்டே போ! கால் நடுங்குகிறது என்றால் கால் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வகுப்பறையைப் பார். நான்கு பக்கம் மூங்கில். மேலே தார்ப்பாய். வசதி இருந்த ஊரில் தகரம். மழை பெய்தால் ஆசிரியர் குரல் கேட்காது. வெயில் அடித்தால் உள்ளே புழுக்கம்.

ஏழ்மையால்தான் அப்படிக் கட்டினார்கள் என்று நினைக்கிறாயா? பாதிதான் உண்மை. அந்தக் கூரைக்குப் பின்னால் ஒரு பெரிய அறிவு இருக்கிறது.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் நிலநடுக்கம் அல்ல. விழும் சுவர்தான். மலையூர்களில் களிமண்ணில் கல்லை அடுக்கி எழுப்பிய கனத்த சுவர்கள்தான் குடும்பம் குடும்பமாக அமுக்கின. மூங்கிலும் தார்ப்பாயும் விழுந்தால்? உதறிவிட்டு எழுந்துவிடலாம்! ஆடும் பூமிக்கு எடை குறைந்த கூரைதான் ஏற்றது.

உனக்கு ஏன் உறைக்கவில்லை? விழுந்த உடனே கான்கிரீட் மாடி கேட்கிறாய். பழைய கடையைவிடப் பெரிய கடை, பழைய சம்பளத்தைவிடப் பெரிய சம்பளம், ஊர் வாயை மூடும்படி ஒரே பாய்ச்சல்! அது கிடைக்காதவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய்.

யாருக்காக அந்த மாடி? உனக்கா, ஊருக்கா?

கனம் குறைந்ததில் தொடங்கு! விழுந்தாலும் உன்னை நசுக்காத அளவில் தொடங்கு. பத்து லட்சம் கடன் வாங்காதே. ஒரு தள்ளுவண்டி போடு. பதினெட்டுப் பாடத்தையும் ஒரே மாதத்தில் முடிக்கிறேன் என்று சபதம் போடாதே. இன்று ஒரு பாடத்தின் முதல் பக்கத்தைத் திற.

உறுதியான கட்டடம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? வேண்டும்! கட்டாயம் வேண்டும்! அவர்களும் கட்டினார்கள். சுவரைச் சுற்றிக் கட்டுப்பட்டை ஓட்டி, கம்பி கோத்து, முறைப்படி எழுப்பினார்கள். அதற்கு ஆண்டுகள் பிடித்தன. அதுவரை பிள்ளைகள் படிக்காமல் இருக்கவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

முதல் நாள் வகுப்பில் என்ன பாடம் நடந்திருக்கும் என்று நினைக்கிறாய்? கணக்கா? நேபாளி எழுத்தா?

பாடப் புத்தகத்தையே எடுக்கவில்லை!

பாட்டு. ஆட்டம். வட்டமாய் நின்று கைதட்டல். ஒரு தாள், ஒரு வண்ணப் பென்சில், மனதில் இருப்பதை வரை. சாய்ந்த வீடுகளை வரைந்தார்கள். விழுந்த மரங்களை வரைந்தார்கள். நெஞ்சில் அடைத்துக் கிடந்ததைத் தாளில் இறக்கினார்கள். ஆசிரியர்களுக்கு அதற்கென்றே பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

பிறகு இன்னொரு பாடம். தரை ஆடினால் என்ன செய்வது? முட்டி போடு. தலையை மறை. இறுகப் பற்று. சிரித்துச் சிரித்துப் பழகினார்கள். கொன்ற பூதத்தையே விளையாட்டாக்கிப் பழகினார்கள்!

நீ உன் தோல்வியை இப்படி ஒருநாளாவது எடுத்துப் பார்த்திருக்கிறாயா? எங்கே சரிந்தது, எந்தச் சுவர் முதலில் விழுந்தது, அடுத்த முறை தலையை எங்கே மறைப்பது? இல்லையே! பரணில் போட்டுப் பூட்டிவிட்டாய். ராத்திரி அது உள்ளேயிருந்து தட்டுகிறது. தூக்கம் வரவில்லை என்கிறாய்.

எடுத்து வெளியே போடு! யாரிடமாவது சொல். எழுது. அழவேண்டும் என்றால் அழு. அழுவதற்கு ஒரு நாள் எடுத்துக்கொள். வருடக்கணக்கில் எடுக்காதே!

இப்போது அந்த ஆசிரியரைப் பார். என்னை உலுக்குவது அவர்தான்.

மலையூர்களில் எத்தனையோ ஆசிரியர்களுக்கும் வீடு இல்லை. அவர்களும் தார்ப்பாயின் கீழ்தான் படுத்து எழுந்தார்கள். அவர்கள் வீட்டிலும் சாவு விழுந்திருந்தது. விடிந்ததும் முகம் கழுவி, வந்து நின்று, வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டார்கள்.

சில பெயர்களுக்குப் பதில் வராது. அது தெரிந்தும் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

இதைவிடக் கனமான வேலை உனக்கு இருக்கிறதா? சொல்!

இறந்துபோனவர்கள் கோழைகள் என்று எவனாவது சொன்னால் அவன் வாயை மூடு. அவர்கள் தோற்கவில்லை. அவர்களுக்கு அடுத்த காலை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உனக்குக் கிடைத்திருக்கிறது. இன்று காலையும் கிடைத்தது. என்ன செய்தாய் அதை?

"அவங்களுக்கு உதவிக்கு ஆள் இருந்தது, எனக்கு யார் இருக்கா?" என்கிறாயா?

இருந்தது. உண்மை. உலகமே கை கொடுத்தது. யுனிசெஃப் வந்தது, தொண்டு நிறுவனங்கள் வந்தன, பெற்றோரும் ஊராரும் மூங்கில் சுமந்தார்கள். கொடுத்த கையைப் பிடிக்க அவர்கள் வெட்கப்படவில்லை! நீ யாரிடம் கேட்டாய்? வாயைத் திறந்து ஒரே ஒருவரிடமாவது கேட்டாயா? மானம் போய்விடும் என்று வாயைப் பூட்டிக்கொண்டு, யாருமே இல்லை என்கிறாய். கேள்! உன் ஆசிரியரைக் கேள். அக்காவைக் கேள். பழைய முதலாளியைக் கேள். பத்துப் பேர் மறுக்கட்டும், பதினோராவது ஆளைக் கேள்!

அந்த ஒன்றாம் வகுப்புக்கு அதன்பிறகாவது நல்ல காலம் பிறந்ததா?

எங்கே! ஜூனில் மழைக்காலம் வந்தது. மலைச்சரிவுகள் பெயர்ந்து பாதைகளை மூடின. செப்டம்பரில் தென் எல்லையில் சரக்குப் போக்குவரத்து முடங்கியது. பெட்ரோல் இல்லை, சமையல் எரிவாயு இல்லை. மலையில் குளிர் வந்தபோது தகரக் கூரைதான் துணை. அவர்கள் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் நேரம், 2020 மார்ச், கொரோனா. மறுபடியும் பள்ளி மூடல்!

ஐந்தே ஆண்டுத் தொடக்கப்பள்ளி. எத்தனை அடி, எண்ணிப் பார்!

அப்படியும் வகுப்பு நகர்ந்தது. ஆறு. ஏழு. எட்டு. 2025 மார்ச்சில் நேபாளத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்தது. தடங்கலில்லாமல் வந்தவர்களுக்கு, அன்று பாயில் உட்கார்ந்த ஒன்றாம் வகுப்பின் தேர்வு அது.

எல்லோரும் தேறினார்களா? இல்லை. தேறாதவர்களுக்குத் துணைத்தேர்வு உண்டு. மறுபடி எழுதலாம்.

உனக்கும் அடுத்த தேர்வு இருக்கிறது. அறிவிப்பு வந்திருக்கும், பார். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றைக்கு? தெரியவில்லையா? செல்பேசி கையில்தானே இருக்கிறது? தேடு!

கடை மூடியவனா நீ? அந்தச் சாவியை எடு. கடன் கொடுத்தவரை நேரில் போய்ப் பார். மாதம் எவ்வளவு தரமுடியும் என்று சொல்லிவிட்டு வா.

இதைப் படித்து முடித்ததும் "நல்லா இருக்கு" என்று நாலு பேருக்கு அனுப்பாதே. எழுந்திரு. சட்டையை மாட்டு. கிளம்பு!