வழி கேட்பவனும் வழி தெரிந்தவனும்

கில்பேர்ட் றைல் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி, மனம் பற்றி 1949இல் வெளியிட்ட நூலிலே ஓர் உதாரணம் சொல்கிறார். வெளிநாட்டார் ஒருவர் முதன்முறையாக ஒக்ஸ்போர்ட்டுக்கு வருகிறார். கல்லூரிகள், நூலகங்கள், மைதானங்கள், நூதனசாலைகள், நிருவாக அலுவலகங்கள் என்று எல்லாவற்றையும் அவருக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். எல்லாம் பார்த்து முடிந்த பின்னர், பல்கலைக்கழகத்தை இன்னும் காட்டவில்லையே என்று அவர் கேட்கிறார். பல்கலைக்கழகம் என்பது இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு கட்டடமன்று, இவையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும் முறையே அது என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. உடலுக்குள் ஒளிந்திருக்கும் வேறொரு பொருளாக மனத்தைத் தேடுவதும் இதே வகையான மயக்கம்தான் என்று டேக்கார்ட்டின் கொள்கையை மறுப்பதற்காகவே றைல் இதைச் சொன்னார்.

தத்துவ வகுப்புக்கு இது நல்ல உதாரணம். ஆயினும் எங்கள் ஊர்ப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது, அந்த வெளிநாட்டார்மீது எனக்கு அனுதாபமே உண்டாகிறது. என்னிடம் படித்த பிள்ளையொருவனின் வாப்பா ஒரு வயற்காரர். மகனைப் பதிவு செய்வதற்காகக் கூட்டிக்கொண்டு ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனார். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கு அவசியமில்லை. கொண்டக்டர் "கம்பஸ், கம்பஸ்" என்று கத்தி இறக்கிவிட்டிருக்கிறார். மரங்களும் தார் ரோட்டும்தான் தெரிகின்றன. எதிரே வந்த பொடியன் ஒருவனிடம், "கம்பஸ் எங்கெ இரிக்கி மகன்?" என்று கேட்டிருக்கிறார். அவனும் கூட வந்தவர்களும் சிரித்துவிட்டு, "அதுக்குள்ளதானே நிக்கிறீங்க" என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

தர்க்கப்படி அந்தப் பொடியன் சொன்னது சரி. றைலும் அவன் பக்கம்தான் நிற்பார். ஆனால் கேட்டவருக்கு வேண்டியிருந்தது தர்க்கமன்று. அலுவலகம் பூட்டுவதற்கு முன்னர் கையிலிருக்கும் கடிதத்தைக் கொடுக்க வேண்டிய ஒரு யன்னலைத்தான் அவர் தேடினார். பல்கலைக்கழகம் என்பது அதன் பகுதிகள் இணைந்திருக்கும் முறை என்றால், புதிதாக வரும் ஒருவர் அந்த முறையை முதன்முதலில் எங்கே சந்திக்கிறார்? விரிவுரை மண்டபத்திலோ நூலகத்திலோ அல்ல. வழி கேட்கும்போது கிடைக்கும் பதிலில்தான் சந்திக்கிறார். அன்று அந்த வயற்காரர் தேடி வந்த பல்கலைக்கழகத்தைக் கண்டுவிட்டார் என்றே நான் நினைக்கிறேன். கண்டது நல்ல முகமாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்றவன். அது ஒரு முற்றத்தைச் சுற்றி அமைந்த சில கட்டடங்கள். மணியடித்தால் எல்லா மூலைக்கும் கேட்கும். ஆகவே பெரிய வளாகங்களை நான் அறிந்தது வெளியாளாகவே. பிள்ளைகளோடு போய், பெட்டி தூக்கி, விடுதி வாசலில் விட்டு வந்த அனுபவம் அது.

அவற்றுள் பேராதனையைப் போல் ஆளை மயக்கும் இடம் வேறில்லை. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1952இல் அங்கே இடம்பெயர்ந்தது. பெற்றிக் அபர்குரொம்பி என்ற பிரித்தானிய நகரத் திட்டமிடலாளர் இட அமைப்பைத் திட்டமிட்டவர்களுள் ஒருவர். ஏறத்தாழ 700 ஹெக்டேயர் நிலம். ஒரு புறம் ஹந்தானை மலை, நடுவே மகாவலி, ஆற்றுக்கு அப்பால் பொறியியற் பீடம். ஊடறுத்துச் செல்லும் கலஹா வீதியோ பொது வீதி. யாரும் போகலாம், வரலாம். 1954 ஏப்ரலில் எடின்பரோ கோமகன் வைபவரீதியாகத் திறந்து வைக்க வந்தபோது, வகுப்புகள் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வழக்கத்தைவிட இன்று சற்றுக் கூடுதலாகத் திறந்திருப்பதாகப் பிரகடனம் செய்கிறேன் என்று அவர் பகிடியாகச் சொன்னது இன்றுவரை பேசப்படுகிறது. மதில் இல்லாத இடத்தைத் திறந்த இடம் என்று சொல்வது எளிது. மதில் இல்லாமலும் ஓர் இடம் மூடிக்கிடக்கலாம் என்பதுதான் எனது பேச்சு.

எங்கள் கரையோரப் பிள்ளைகளுக்குத் திசை பற்றிய சந்தேகமே வந்ததில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே பிரதான வீதி. கண்ணைக் கட்டி விட்டாலும் காற்றை மோந்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பேராதனையில் 'மேலே', 'கீழே' என்று வழி சொல்கிறார்கள். ஏறிப் போன பாதை வளைந்து இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. விடுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், அக்பர், ஜேம்ஸ் பீரிஸ், சங்கமித்தை என்று பெயர்கள். அவை சரித்திரத்தைச் சொல்லும், திசையைச் சொல்லா. திறந்தவெளி அரங்கைக் கேட்டால் 'வள' என்பார்கள். சிங்களத்தில் பள்ளம் என்று பொருள். வரைபடத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பயனில்லை. (மகாவலி மூதூர்ப் பக்கமாக வந்து எங்கள் கிழக்குக் கடலிலேதான் விழுகிறது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அது ஆறுதலுக்கு உதவும். வகுப்பறையைக் கண்டுபிடிக்க உதவாது.)

இவ்வாறு இடம் ஒன்று, அதன் உண்மையான பெயர்கள் இன்னொன்று, போக வேண்டிய குறுக்குப் பாதை வேறொன்று என்றிருக்கும்போது, வழி தெரிந்தவனுடைய கையில் ஓர் அதிகாரம் சேர்ந்துவிடுகிறது. படிப்பால் வந்த அதிகாரமன்று அது. ஒரு வருடம் முந்தி வந்தான் என்பதனால் மட்டும் வந்தது. பகிடிவதையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது எனது எண்ணம். புதியவனின் பயத்துக்குக் காரணம் அடியும் ஏச்சும் மட்டுமல்ல. எந்தப் பாதையில் போகலாம், எங்கே உட்காரலாம், யாரை எப்படி அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது, அடுத்தவனுக்குத் தெரியும். இந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நாடு கண்டிருக்கிறது. 1975இல் பேராதனையில் மாணவியொருவர் பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்து முடமானார். 1997இல் அங்கேயே பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதன் பின்னர் வந்தது. சட்டம் வந்த பின்னரும் பகிடிவதை ஓயவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. பல்கலைக்கழகங்களில் 'குப்பி' என்றொரு வழக்கம் இருக்கிறது. பாடம் விளங்கிய மாணவன், விளங்காத மாணவர்களைக் கூட்டி வைத்து இரவிரவாகச் சொல்லிக் கொடுப்பான். காசு கிடையாது. நமது குப்பி விளக்கிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். பகல் முழுக்க ஒரு புதியவனை வெயிலில் நிறுத்தி வைத்த அதே சீனியர், பரீட்சைக் காலத்தில் அவனுக்குக் குப்பி எடுப்பதை என்னுடைய பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். "அவர் நல்லவர் சேர், முதல்ல கொஞ்சம் கஷ்டப்படுத்தினவர்தான், பொறகு எல்லாம் செஞ்சு தந்தவர்" என்பார்கள். பகிடிவதையை நியாயப்படுத்துவோரின் பலமான வாதம் இதுதான். அது ஓர் அறிமுகம், உறவின் தொடக்கம், அதனைத் தாண்டியவர்களுக்கே உதவி கிடைக்கும் என்கிறார்கள்.

இந்த வாதத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். என்னால் ஏற்க முடியவில்லை. அவமானத்தை முன்பணமாகக் கட்டிப் பெறுகின்ற உதவி, உதவியன்று, கொடுக்கல் வாங்கல். அதிலும், கட்டியவன் தான் கட்டியதைத் திரும்ப வசூலிப்பது வாங்கியவரிடமிருந்தன்று. அடுத்த வருடம் வருகின்ற, இந்தக் கணக்கில் சம்பந்தமேயில்லாத ஒருவனிடமிருந்து. எந்தச் சந்தையிலும் இப்படியொரு கடன் கிடையாது. குப்பி எடுக்கின்ற கை நல்ல கைதான். அது முதல் நாளே நீண்டிருக்கலாம் என்பதே கேள்வி.

வழி தேடி அலைவதும் ஒரு படிப்புத்தானே, எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டுமா என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் வாதாடினார். தானாக விரும்பி அலைபவனுக்கு அது படிப்பு. அபர்குரொம்பி வகையறாக்கள் ரசனையோடு வளைத்த பாதைகளில் மாலை நேரத்தில் நோக்கமின்றி நடப்பவன் பாக்கியசாலி. காலை எட்டு மணி விரிவுரைக்கு வியர்வையோடு ஓடுபவனுக்கு அலைச்சல் ஒரு தண்டனை. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கக் கூடாது.

ஆகையால், ஒரு பெயர்ப்பலகையை நான் நீதியோடு சேர்த்தே எண்ணுவேன். பலகை யாரையும் பார்த்துச் சிரிக்காது. உன் ஊர் எது, நீ எந்த பேட்ச் என்று கேளாது. ஆனால் அது எல்லோருக்கும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 1987இல் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் நாட்டிலே தமிழ் இல்லாத பலகைகளும், தமிழ் இருந்தும் தமிழாக இல்லாத பலகைகளும் இன்னமும் உண்டு. எழுத்துப் பிழையைக் கண்டு நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். அந்தப் பிழை ஒருவரைத் தவறான மாடிக்கு ஏற்றிவிடும் என்பதை யோசிப்பதில்லை. நல்லதொரு பலகை நட வேண்டிய இடத்தில், கேட்டால் யாராவது சொல்வார்கள்தானே என்று ஒரு நிருவாகம் இருந்துவிடுமானால், தான் கொடுக்கவேண்டியதைப் பிறருடைய கருணையின் தலையில் கட்டிவிடுகிறது. கருணையுள்ளவன் வந்தால் தப்பினோம். மற்றவன் வந்தால்?

இப்போது பிள்ளைகளின் கையில் போன் இருக்கிறது. கூகுள் வரைபடம் கட்டட வாசல்வரை கொண்டுபோய் விடுகிறது. யாரையும் அண்டி நிற்க வேண்டியதில்லை என்ற அளவில் இதை நான் வரவேற்கிறேன். குனிந்த தலையோடு நடப்பவனிடம் யாரும் ஸலாம் சொல்லிப் பேச்சுத் தொடுப்பதில்லை என்பது ஒரு நட்டம்தான், பரவாயில்லை. ஆனால் வாசலுக்கு உள்ளே போன் ஊமையாகிவிடுகிறது. எந்த யன்னலில் படிவம் வாங்குவது, எந்த லிகிதருக்குத் தமிழ் விளங்கும், மஹாபொல உதவிப் பணம் பிந்தினால் யாரிடம் கேட்பது என்பதை எந்தச் செய்மதியும் சொல்லித் தராது. நீதி கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்த பின்னரும் மனிதனிடமே கேட்க வேண்டிய ஒரு மீதி இருக்கிறது. கருணைக்கு உரிய இடம் அந்த மீதிதான். அங்கே அது தானமாக இருக்கலாம், யாரும் யாருக்கும் கடனாளியாக வேண்டியதில்லை.

ஒலுவிலில் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, அடுத்த வருடமே அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. அதன் பின் எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலர் கடல் தெரியும் தூரத்திலேயே படிக்கிறார்கள். இருந்தாலும் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் களனிக்கும் போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். எங்கள் பாடசாலையில் நூலக அலுமாரிக்குள் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். விடுமுறையில் வருகின்ற பழைய மாணவர்கள், அடுத்துப் போகிறவர்களுக்காக அதில் வழி எழுதிவிட்டுப் போக வேண்டும். சிலர் படம் கீறியிருக்கிறார்கள். சிலர் பஸ் இலக்கம் மட்டும் எழுதியிருக்கிறார்கள். பேராதனைக்குப் போன பிள்ளையொருத்தி இரண்டு பக்கம் நிறைய எழுதிவிட்டு, ஓரத்திலே பென்சிலால் சேர்த்திருக்கிறாள்: மழை நாளில் விடுதிக்குப் போகும் குறுக்குப் பாதையால் வராதீங்க, அட்டை இரிக்கி. ரோட்டால சுத்தி வாங்க, பத்து நிமிஷம்தான் கூட.