நஞ்சுண்ட கண்டமும் நோயுற்ற நாடும்



உயிர்கட்கு வரும் இன்பதுன்பங்கள் அவ்வுயிர்கள் முன்செய்த வினையின் பயனாய், இறைவன் ஊட்ட வருவன என்பது நம் சைவசித்தாந்தத்தின் துணிபு. துன்பம் வந்துழி அதனைப் பொறுத்தற்கு இத்துணிபு போலப் பேராற்றல் தருவது பிறிதொன்றில்லை. ஆயினும் இதனை யார்க்கு, எதன்பொருட்டு உரைத்தல் வேண்டும் என்று ஆராயாது வழங்குவோமாயின் மருந்தே நஞ்சாய் முடியும். அங்ஙனம் முடிந்ததை அண்மையில் வந்த பெருநோய்க்காலத்து நாம் கண்டோம். அக்காலம் கழிந்த இந்நாளில் அதனை அமைதியாக நினைந்து பார்த்தல் நலம் பயப்பதாம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா நோயை உலகப் பெருந்தொற்று எனக் கூறியது. 22ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை மக்கள் தாமே வீட்டினுள் அடங்கியிருந்தனர். 24ஆம் நாள் மாலை தமிழ்நாடெங்கும் 144 தடையாணை நடைமுறைக்கு வந்தது. மறுநாள் தொட்டு 21 நாட்கள் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. அவ்விருபத்தொரு நாளும் முடிந்த நாளே சார்வரி ஆண்டின் சித்திரைப் பிறப்பு. அன்றும் கதவு திறந்திலது. அடைப்பு மே 3 வரை நீண்டது.

இவ்வாணையின் பொருளைக் காரவள்ளி போன்றதோர் ஊரில் வைத்து நோக்குக. கொல்லிமலையின் அடிவாரத்துச் சிற்றூர் அது. 70 கொண்டை ஊசி வளைவுகளையுடைய மலைப்பாதை அங்கிருந்து மேலேறுகின்றது. மலைமேல் விளையும் வாழையும் அன்னாசியும் பலாவும் மிளகும் காப்பியும் இறங்குதற்கும், கீழ்நாட்டு உப்பும் துணியும் மருந்தும் ஏறுதற்கும் வழியாவது அப்பாதை. பேருந்து நின்றால் மலைவாழ்நர்க்குக் கீழ்நாடு தொலைநாடாகிவிடும். மரத்திற் பழுத்த கனி அரசாணை நீங்குங்காறும் காத்திராது. நாட்கூலியால் உண்பார்க்கு ஒருநாள் வேலையின்மை ஒருநாட் பசியாம். கருவுற்றாள் ஒருத்தி மருத்துவமனைக்கு எங்ஙனம் செல்வது? நீரிழிவுடைய முதியவர்க்கு மாத்திரை தீர்ந்தால் எங்ஙனம் பெறுவது? வெளியூரில் வேலைக்குச் சென்ற மகன் எவ்விடத்து நின்றுவிட்டானோ? வந்து சேர்ந்தாலோ, நோயையும் உடன்கொணர்ந்தானோ? இவையே அந்நாட்களில் இல்லந்தோறும் எழுந்த கவலைகள். ஏப்ரலில் அரிசி பெறும் குடும்ப அட்டையினர்க்கு 1000 ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் விலையின்றி வழங்கப்பெற்றன. அவை அடுப்பை அணையாமற் காத்தன, அச்சத்தையோ அணைத்தில.

அச்சம் மிக்கவிடத்து இரக்கம் குன்றும். வெளியூரினின்று மீண்டவனை ஊரார் ஐயக்கண்ணால் நோக்கினர். நோய் வந்த வீட்டைக் குற்றம் செய்த வீடு எனக் கருதினர். ‘அவரவர் வினை அவரவர்க்கு’ என்னும் சொல்லும் உடனெழுந்தது. சென்னையில் அவ்வாண்டு ஏப்ரலில், நோய்தீர்க்கும் பணியினரான மருத்துவர் ஒருவர் அந்நோயாலேயே இறந்தனர். அவர் உடலை அடக்கஞ்செய்ய ஒட்டாது சிலர் திரண்டு கல்லெறிந்து தடுத்தனர். முடிவில் அவருடைய நண்பராகிய மற்றொரு மருத்துவரே, ஓரிருவர் துணையோடு, நள்ளிரவில் தம் கையால் மண்ணிட்டு அவரை அடக்கினர். ஒரே இரவில் ஒரே நகரில் கல்லெறிந்த கையும் மண்ணிட்ட கையும் இருந்தன. அச்சம் இரு திறத்தார்க்கும் உண்டு. அவரை வேறாக்கியது யாது?

இதற்கு விடையை நாம் தொலைவிற் சென்று தேடவேண்டுவதில்லை. கொல்லிமலை நிற்கும் நாமக்கல் மாவட்டத்திலேயே திருச்செங்கோடு உளது. தேவாரம் போற்றும் திருக்கொடிமாடச்செங்குன்றூர் அதுவே. திருஞானசம்பந்தப் பெருமான் அடியார் திருக்கூட்டத்தோடு அங்கு எழுந்தருளியிருந்த காலத்துப் பனிப்பருவம் வந்தது. அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அந்நோய் அந்நிலத்தின் இயல்பு என்பது அறியப்பட்ட ஒன்று. நிலத்தின் இயல்பென்றோ, அடியார்தம் வினையென்றோ பிள்ளையார் வாளா இருந்தாரா? இருந்திலர். திருநீலகண்டத் திருப்பதிகம் பாடியருளினார். அடியாரைப் பற்றிய நோய் அந்நாட்டினையும் விட்டு நீங்கிற்று எனச் சேக்கிழார் பெருமான் அருளிச்செய்வர்.

அப்பதிகத்தில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. சுரமுற்றோர் அடியார், பாடியவரோ நோயற்ற பிள்ளையார். ஆயினும் ‘உங்கள் வினை’ என்று அவர் முன்னிலையிற் பேசினாரல்லர். வினை தீண்டாமை கூறுமிடத்துத் தம்மையும் அவரோடு கூட்டித் தன்மைப் பன்மையாற் பேசினார். வினையுண்மையை அவர் மறுத்திலர். பிறர் தலைமேல் ஏற்றவுமில்லை. ஈண்டே சித்தாந்தத்தின் நெறி விளங்குகின்றது. வினை என்பது தனக்குத்தான் சொல்லிக்கொள்ளுஞ் சொல், பொறுமையின் பொருட்டு. பிறர்க்கோ அச்சொல் உரியதன்று. அவர்க்கு உரியது அருட்செயலே.

‘பிராரத்தம் நுகர்ந்தே கழியவேண்டும் என்பது நூற்றுணிபாயின், நாம் உதவுதலால் ஆவதென்?’ எனின், கூறுதும். நோயுற்றான் நுகர்வது அவன் பிராரத்தம். அதனைக் கண்டு நாம் செய்வதோ நம் ஆகாமியம். அவனுக்கு இன்று ஒருபிடி சோறு கிடைக்கவேண்டும் என்பதும் அவன் வினைக்கணக்கில் இருத்தல் கூடுமன்றோ? அக்கணக்கை அறிவான் இறைவன் ஒருவனே. அறியாத நாம் அதனைக் காட்டிக் கைமடக்குவோமாயின், அவன் வினை கழிய, நம் வினை ஏறும். கல்லெறிந்தவர் ‘அவன் வேறு, நாம் வேறு’ எனக் கொண்டனர். மண்ணிட்டவர் அங்ஙனங் கொண்டிலர். வேறுபாடு இதுவே.

‘அங்ஙனமாயின் விலகியிருக்க என்று மருத்துவர் கூறியது அன்பின்மையாகாதோ?’ எனின், ஆகாது. இந்நோயின் இயல்பை நோக்குக. இருமலாலும் தும்மலாலும் மட்டுமன்றிப் பேச்சாலும் மூச்சாலும் பரவுவது. பற்றியவனுக்கே தோன்றாமல் அவனுள்ளிருந்து பிறரைப் பற்றுவது. புறவிருள் பிறபொருளை மறைப்பினும் தன்னையேனும் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது என்பர் நம் ஆசிரியர். இந்நோயும் அத்தன்மைத்து. ஆதலின் ‘என்பால் நோயில்லை’ என்னும் செருக்கே ஈண்டுப் பெருந்தீங்காம். முகத்தை மூடுதலும் கைகழுவுதலும் விலகிநிற்றலும், ‘என்னாற் பிறர்க்குத் தீங்கு வருதல் கூடும்’ என்னும் பணிவிற் பிறந்தனவாயின் அவை அறமே. ‘பிறனாற் கெடுவேன்’ என்னும் வெறுப்பிற் பிறந்தனவாயின் அறமாகா. செயல் ஒன்றே; உள்ளம் வேறு.

திருநீலகண்டம் என்னும் திருப்பெயரின் பொருளும் இதுவன்றோ? பாற்கடலில் எழுந்த நஞ்சை இறைவன் தேவர்மேற் செல்லவிட்டானல்லன். தானே ஏற்றுக் கண்டத்தில் நிறுத்தினான். தன்பால் வந்த தீங்கு தன்னோடு நிற்க, அப்பாற் செல்லாது காத்தலே நீலகண்டத்தின் குறிப்பு. தன் வீட்டளவில் நோயை நிறுத்த எண்ணிப் பதினான்கு நாள் தனித்திருந்த கூலியாள், அறிந்தோ அறியாமலோ அக்குறிப்பின்வழி ஒழுகியவனே ஆவன்.

அக்காலத்துத் திருக்கோயில்களில் அன்றாடப் பூசை நடந்தும் அன்பர்க்கு வழிபாடு இல்லையாயிற்று. கொல்லிமலைமேல் அறப்பளீசுரர் திருமுன்னும் கூட்டமில்லை. மதுரையில் மே 4ஆம் நாள் மீனாட்சி திருக்கல்யாணம் அடியார் கூட்டமின்றியே நிகழ, மக்கள் வீட்டிலிருந்தே கண்டு தொழுதனர். செப்டம்பர் முதல்நாளில்தான் பெருங்கோயில்களின் கதவு அன்பர்க்குத் திறந்தது. பலர் மனம் நொந்தனர், அந்நோவு நல்லதே. ஆயினும் திருநின்றவூர்ப் பூசலார் பொருளின்றி மனத்தே எடுத்த கோயிலுள் எழுந்தருளுதற்பொருட்டுக் காடவர்கோன் எடுத்த கற்றளியின் நாளை மாற்றச்செய்தான் இறைவன். அவ்வகக்கோயிற்கு எவ்வாணையும் பூட்டிட்டதில்லை. மற்றொரு கோயிலும் திறந்தேயிருந்தது. அது பசித்தவன் வயிறு. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபொழுது அப்பரும் சம்பந்தரும் இறைவன்பாற் படிக்காசு பெற்றது தாமுண்ண மட்டுமன்று, அடியார்க்கு அமுதளித்தற்கு. வல்வில் ஓரி கொடையால் விளங்கிய கொல்லிமலைக்கு இவ்வறம் புதிதன்று.

2023 மே 5ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அந்நோயின் அவசரநிலை நீங்கியதென அறிவித்தது. நோய்கள் இன்னும் வரும். 1918இல் வந்த இன்புளுவென்சா நம் நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. இனியொன்று வருங்கால் நாம் கைக்கொள்ளற்பாலன சிலவே. நமக்கு வந்தால் வினையென்று பொறுப்போம். மருத்துவர் சொற் கேட்போம். அயலார்க்கு வந்தால் வினையென்னும் சொல்லை வாயிலும் கொள்ளோம். அவர் வாயிலில் உணவை வைத்து, விலகிநின்று, பெயர்சொல்லி அழைத்து நலம் வினவுவோம். இறந்தார்க்கு ஈமக்கடன் மறுக்கப்பட விடோம். இறைவனை வேண்டும்பொழுது ‘என்னை’ என்னாது ‘எம்மை’ என்று வேண்டுவோம்.

நீலகண்டன் திருவருள் எவ்வுயிரையும் காக்க.

திருச்சிற்றம்பலம்.