பொத்தானை வெட்டாதீர்கள்



திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு இன்று. இன்றைய நற்செய்தியில், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று யோர்தான் கரையில் மக்கள் திருமுழுக்கு யோவானைக் கேட்கிறார்கள். அவர் நோன்பு இரு, பலி கொடு என்று சொல்லவில்லை. நேரே அவர்கள் வீட்டுத் துணிக்கே வந்துவிடுகிறார்: உன்னிடம் இரண்டு இருந்தால், ஒன்று இல்லாதவனுடையது.

போன வருடம் இதே நாட்களில் நம் பங்கு மன்றத்துக்கு வந்த துணி மூட்டைகளை நானும் உட்கார்ந்து பிரித்தேன். ஒரு சட்டை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொத்தான் ஒன்றுகூட இல்லை. கொடுப்பதற்கு முன் யாரோ கத்தரித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே மூட்டையில் ஒரு சிறுமியின் கவுன். துவைத்து, இஸ்திரி போட்டு, உபரிப் பொத்தான் இரண்டைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்திருந்தார்கள். முதலாவது கழிவு. இரண்டாவது காணிக்கை.

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவிடம் எதைக் காட்டினார்கள்? அவர் தைத்துக் கொடுத்த ஆடைகளை. கந்தலாக இருந்தால் காட்டியிருப்பார்களா?

சிலருக்குக் கொடுப்பதில் தயக்கமில்லை, வாங்குவதில்தான் கூச்சம். பிறர் போட்டதை நான் போடுவதா என்கிறார்கள். அண்ணனுக்குப் போட்ட ஞானஸ்நான உடையைத் தம்பிக்கும், பிறகு சித்தப்பா பிள்ளைக்கும் போடுகிறோமே, அதைப் பழசு என்று யார் சொன்னார்கள்? ஆண்டவருடைய அங்கியைக் கிழிக்க மனம் வராமல் படைவீரர்கள் சீட்டுப் போட்டார்கள். அது தையலே இல்லாத ஒரே நெசவு. நல்ல துணியின் அருமை அவர்களுக்கே தெரிந்திருந்தது.

பழைய துணியை உடுத்த இன்னொரு காரணமும் உண்டு. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு நமக்குத் தெரியும். 2011-இல் உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இருக்கும் சட்டையை இன்னும் சில வருடம் உடுத்தினால், அந்த அளவுக்குச் சாயமும் தண்ணீரும் மிச்சம்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வின்சென்ட் தே பவுல் சபையினர் மன்றத்தில் நீங்கள் கொடுக்கும் துணிகளை விற்பனைக்கு வைக்கிறார்கள். சும்மா கொடுக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். கை நீட்டி வாங்குவது வேறு, பிடித்ததைத் தேடி எடுத்துக் காசு கொடுப்பது வேறு. அந்த மரியாதைக்குத்தான் சிறு விலை. வசதியுள்ளவர்களும் வாருங்கள். நீங்களும் வாங்கினால், ஏழை வாங்கும்போது யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். காலரையும் அக்குளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். நானும் ஒரு சட்டை எடுக்கப்போகிறேன்.

இன்று மாலை அலமாரியைத் திறவுங்கள். கிறிஸ்மஸ் அன்று உங்கள் பிள்ளைக்கே போடத் தகுந்ததை எடுங்கள். பொத்தானோடு கொண்டுவாருங்கள். ஆமென்.