வரப்பு தெரியாத மூன்று நாள்

2021 நவம்பர். வடமாவட்டங்களில் ஏரிகள் எல்லாம் கோடி போன சமயம். பாலாற்றில் பல பத்தாண்டுகளாகப் பார்க்காத வெள்ளம். எங்கள் ஆரணிப் பக்கம் கமண்டல நாகநதியிலும் தண்ணி. தறிக்குழிக்குள் ஊற்று கண்டுவிட்டதால் ஓடம் ஓடவில்லை. பாவு நமுத்துப்போனால் பட்டு நெய்ய முடியாது. வேலையற்றவன் வேடிக்கை பார்ப்பான். நானும் போனேன்.

சம்பா நட்ட வயல் எல்லாம் முழுகி ஒரே ஏரியாகக் கிடந்தது. நடுவில் நாரைகள். நாற்பது ஐம்பது இருக்கும். வழக்கமாக அங்கே நிற்பது உண்ணிக்கொக்கும் மடையானும்தான். இவ்வளவு பெரிய பறவை கூட்டமாக இறங்கி நான் பார்த்ததில்லை. கூட வந்த தோழர் கேமராவை எடுத்துவிட்டார்.

“பாருங்க தோழர், மனுசன் போட்ட எல்லையெல்லாம் அழிஞ்சுபோச்சு. பறவைக்கு ஏது சாதி?” என்றார்.

கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது எங்கள் அத்தை. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது: “நத்தகுத்திடா அது. நத்தைக்கு வந்துகீது. கீழ கெடக்கறது நான் நட்ட நடவு.”

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. அழிவின் மேல் நிற்கும் அழகை ரசிக்கலாமா? ரசித்தால் யார் பக்கம் நின்று ரசிக்கிறோம்?

அத்தை சொன்னது சரியான பெயர். நத்தைகுத்தி நாரைக்கு மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாது, இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும். வயல் நத்தையின் சதையை ஓட்டிலிருந்து உருவித் தின்னும். இதையெல்லாம் நான் பின்னால் புத்தகத்தில் படித்தேன். அத்தை நடவு வயலில் குனிந்தபடியே படித்தது. ஆனால் தோழருக்குப் பெயர் ‘பறவை ஆர்வலர்’. அத்தைக்குப் பெயர் ‘கூலி’. சேரிப் பிள்ளை ஒருவன் பசிக்குக் கண்ணி வைத்துத் தாழைக்கோழி பிடித்தால், 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அவன் ‘குற்றவாளி’. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறவை பிழைக்கணும். பறவையை அறிந்தவர்களில் யார் அறிவு ‘அறிவு’ என்று எழுதப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

அத்தையின் கணக்கு இன்னும் இருக்கிறது. “நட்ட கூலி வந்துட்ச்சி. களையெடுப்பும் அறுப்பும் தண்ணியில பூட்ச்சி.” அந்த ஆண்டு அரசு நிவாரணம் அறிவித்தது. அறுவடைக்கு நின்று முழுக்க அழிந்த பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய். நட்ட சம்பா பாழாகியிருந்தால் மறுபடி நட ஹெக்டேருக்கு 6,038 ரூபாய்க்கு இடுபொருள். நல்லதுதான். ஆனால் நிவாரணத்தின் அளவுகோல் ஹெக்டேர். நிலம் இல்லாதவளின் இழப்பை எந்த அளவுகோலால் அளப்பது? வராமல் போன கூலிக்கு அடங்கல் கிடையாது. ஆண்டுதோறும் சனவரியில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். கரையில் குந்தியிருந்த பெண்களை அன்றைக்கு யாரும் எண்ணவில்லை.

உடனே பறவை மேல் ஆத்திரப்படுவதும் தப்பு. அது நம் கூலியைத் தின்னவில்லை, நத்தையைத்தான் தின்றது. பறவைக்குக் கிடைத்தது மனிதருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க வேண்டியது காகிதம் எழுதியவர்களை.

இதற்குப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பாடம் இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் கேட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உறுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அந்தத் தண்ணீர் பாய்கிற வயல் உள்ளவர்களுக்குப் பறவை லாபம். காகிதம் நின்றது. 2022இல் வேடந்தாங்கல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

அதே மாவட்டத்தில் கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அதுவும் காகிதம்தான், அதிலும் கலெக்டர் பெயர்தான். அந்த நிலம் என்ன ஆயிற்று? அதைக் கேட்டுக் காரணையில் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். பறவையைச் சுடாதே என்ற காகிதம் 200 ஆண்டு தாண்டியும் செல்லுபடியாகிற மண்ணில், நிலத்தைக் கேட்ட மனிதனைச் சுட்டார்கள். நிலமுள்ளவனுக்கு லாபமான காகிதம் வாழ்கிறது. நிலமற்றவனுக்கு எழுதிய காகிதம் செல்லரிக்கிறது.

நான் நெய்கிற சேலைக் கரையிலும் பறவை உண்டு. அன்னப்பட்சி. பாலையும் தண்ணீரையும் கலந்து வைத்தால் பாலை மட்டும் பிரித்துக் குடிக்குமாம். ஜரிகையில் அதை ஆயிரம் முறை நெய்திருப்பேன். அன்றைக்குத்தான் உறைத்தது. சுத்தத்தைத் தனியே பிரித்தெடுப்பதை உயர்ந்த குணமாக்கி, அதற்கு ஒரு பறவையையும் கற்பித்து வைத்திருக்கிறார்கள். சேறும் நத்தையும் தின்கிற நாரைக்குப் பட்டில் இடமில்லை. அன்னத்தை யாரும் வயலில் பார்த்ததில்லை. நத்தைகுத்தியை அத்தை பார்த்திருக்கிறது.

அதனால் ‘நாரைதான் நம் பறவை’ என்று முடித்துவிடலாமா? அங்கேதான் தோழரோடு எனக்குச் சண்டை. பறவைக்குச் சாதியில்லை என்பது உண்மை. அதனால் நமக்கு என்ன ஆகிறது? பறவைக்குப் பட்டா வேண்டாம், அது பறந்துவிடும். அத்தை எங்கே பறக்கும்? எல்லையில்லாத வானத்தைக் காட்டி, எல்லை போட்ட நிலத்தை மறக்கச் சொல்வதும் ஒரு வகை ஏமாற்று. நல்ல மனசோடு சொன்னாலும் ஏமாற்றுதான்.

நான்காம் நாள் தண்ணி வடிந்தது. மடையைத் திறந்து வடியவிட்டவர் எங்கள் தெரு நீர்க்கட்டி. நாரைகள் எழும்பிப் போயின. முதலில் வெளியே தெரிந்தது வரப்பு. எங்கே விட்டதோ அதே இடத்தில், ஒரு சாண் நகராமல் இருந்தது. வெள்ளம் வரப்பை மூடியதே தவிர அழிக்கவில்லை. இயற்கை எதையும் சமமாக்கித் தராது. கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். வரப்பைப் போட்டது மனிதக் கை. எடுப்பதும் மனிதக் கையாகத்தான் இருக்கும்.

அழகை ரசிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது: ரசிக்கலாம், ஆனால் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து ரசிக்கணும். மேலே நிற்கும் நாரையோடு கீழே முழுகின நடவும் கண்ணில் படுகிற இடம் அதுதான்.

தோழர் படத்தை அச்சுப் போட்டு அனுப்பினார். அத்தையிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தது. “நல்லாத்தாண்டா கீது” என்றது. பிறகு ஓரத்தில் விரலை வைத்து, “நான் இங்கதான் குந்தினு இருந்தேன். என்னெ காணோமே?” என்று கேட்டது.